பதினாறு மில்லி விநாடி

கணினி விளையாட்டுத் திரையில் எதுவும் உண்மையில் ஓடுவதில்லை. ஒரு விநாடிக்கு 60 அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படுவதைக் கண் ஓட்டமாகக் கோத்துக்கொள்கிறது. ஒரு விநாடியை 60ஆல் வகுத்தால் கிடைக்கும் 16.7 மில்லி விநாடிதான், அதாவது விநாடியின் ஆயிரத்தில் பதினாறு பங்குக்குச் சற்றே கூடுதலான நேரம்தான், ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கணினிக்கு உள்ள அவகாசம். அதற்குள் ஆட்டக்காரர் அழுத்திய விசையைப் படித்து, எதிரியின் நகர்வைக் கணித்து, குண்டு பட்டதா தப்பியதா என்று தீர்மானித்து, அதன்பின் முழு உயர்தெளிவுத் திரையின் 20,73,600 புள்ளிகளுக்கும் தனித்தனியாக நிறம் குறித்துத் தர வேண்டும். அவகாசம் தவறினால் பழைய படமே இன்னொரு முறை திரையில் நிற்கும். ஆட்டக்காரர்கள் அதைத்தான் ‘ஸ்டக் ஆகுது’ என்கிறார்கள்.

ஏறத்தாழ இதே அளவுள்ள இன்னொரு காலம் கணினிப் பெட்டியின் பின்மூலையில் ஒளிந்திருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி, சுவர் மின்சாரம் முற்றிலும் நின்றுபோன பிறகும் தன்னுள் தேங்கியிருக்கும் ஆற்றலைக் கொண்டு கணினியைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கிறது. 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்துப் பின்னர் பலமுறை திருத்திய ஏடிஎக்ஸ் எனப்படும் வடிவமைப்பு வழிகாட்டி, இந்தத் தாங்கு காலம் முழுச் சுமையில் 16 மில்லி விநாடி இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தது. இரண்டு எண்களும் ஒத்துப்போனாலும் ஒன்று திரையின் வேகத்திலிருந்து வருகிறது, மற்றது மின்சாரத்தின் அலைக் காலத்தோடு தொடர்புடையது. ஆயினும் கும்மிடிப்பூண்டி போன்ற ஓர் ஊரில் விளையாட்டுக்கென்று ஒரு கணினியை உதிரிபாகம் உதிரிபாகமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டுபவருக்கு, விற்பனைக்காரர்கள் ஓயாமல் பேசும் முதல் பதினாறைவிட எவரும் பேசாத இரண்டாவது பதினாறே முதலில் கவனிக்க வேண்டியதாகிறது.

காரணம் அந்த ஊரின் மின்சுமையில் இருக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் சுமார் 47 கிலோமீட்டர் வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியில், 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டைகளில் ஒன்று அமைந்துள்ளது. பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் அந்த வட்டாரத்தின் அடையாளங்களுள் ஒன்று. இவற்றில் பயன்படும் தூண்டல் உலை, அதாவது இண்டக்‌ஷன் ஃபர்னஸ், நெருப்பு வைத்து உருக்குவதில்லை. உலைப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள செம்புச் சுருளில் விரைந்து மாறும் மின்சாரம் பாயும்போது உள்ளே கிடக்கும் இரும்பில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்பட்டு, இரும்பு தன் மின்தடையாலேயே சூடாகி உருகுகிறது. அந்த விரைந்த மின்சாரத்தை உண்டாக்க, வலையமைப்பின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் முதலில் நேர்மின்சாரமாக்கப்பட்டு மீண்டும் மாறுமின்சாரமாக வெட்டப்படுகிறது. அப்படி வெட்டி வெட்டி எடுக்கப்படும் மின்னோட்டம் வழுவழுப்பான அலையாக இராமல், 250 ஹெர்ட்ஸ், 350 ஹெர்ட்ஸ் என அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளையும் கலந்து இழுக்கிறது. மின்பொறியாளர்கள் ஹார்மோனிக்ஸ் என்று குறிப்பிடும் இக்கலப்பு, மின்னழுத்த அலையின் கூர்ந்த உச்சியை மழுங்கச் செய்கிறது. கம்பி இழுக்கும் உருளை ஆலையோ வேறு விதமாகத் தொல்லை தருகிறது: செக்கச்சிவந்த இரும்புக் கட்டி உருளைகளுக்கிடையே நுழையும் ஒவ்வொரு தடவையும் மோட்டாரின் சுமை திடீரென்று எகிற, அதே துணை மின்நிலையத்தைப் பகிரும் தெருக்களில் விளக்கு ஒரு நொடி மங்கி மீள்கிறது.

அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையமும் அதற்கருகே வல்லூரில் 1,500 மெகாவாட் அனல் மின்நிலையமும் இருப்பதால், மின்சாரம் பிறக்கும் மாவட்டத்தில் மின்சாரத்துக்கு என்ன குறை என்று கேட்கத் தோன்றும். உற்பத்தியாகும் மின்சாரம் உயரழுத்தக் கம்பிகள் வழியே மாநில வலையமைப்புக்குள் கலந்துவிடுகிறது. ஒரு வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் தரத்தைத் தீர்மானிப்பது மின்நிலையம் எவ்வளவு அருகில் உள்ளது என்பதன்று, கடைசி டிரான்ஸ்ஃபார்மரையும் அதற்கு முந்தைய மின்தடத்தையும் வேறு யார் யார் பகிர்கிறார்கள் என்பதே. ஆலைகளுக்குத் தனித் தடம் இருந்தாலும் துணை மின்நிலையத்தின் பொது மின்தண்டு, அதாவது பஸ்பார், ஒன்றாக இருக்கும்வரை ஒருவரின் இழுப்பு மற்றவரின் அழுத்தத்தில் தெரியத்தான் செய்யும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் தாங்கு காலம் எங்கிருந்து வருகிறது என்பதை எளிய கணக்கில் காட்டலாம். அதன் உள்ளே, விரல் தடிமனுக்கு மேற்பட்ட உருளை வடிவ மின்தேக்கி ஒன்று ஏறத்தாழ 390 வோல்ட் அழுத்தத்தில் மின்னூட்டம் பெற்று நிற்கிறது. அதன் கொள்ளளவு 400 மைக்ரோஃபாரட் என்றும், அழுத்தம் 300 வோல்ட்டுக்கு இறங்கும்வரை அடுத்த கட்டச் சுற்று இயங்கும் என்றும் கொண்டால், இடைப்பட்ட நேரத்தில் அது தரக்கூடிய ஆற்றல் சுமார் 12.4 ஜூல். கணினி 500 வாட் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த ஆற்றல் 25 மில்லி விநாடிக்குப் போதும். 250 வாட் மட்டும் இழுத்தால் 50 மில்லி விநாடி தாங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழு அலை 20 மில்லி விநாடி நீளம் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் அலை முழுவதும் காணாமல் போனால், முழுச் சுமையில் 16 மில்லி விநாடி மட்டும் தாங்கும் வழங்கி தோற்றுக் கணினி அணைந்துவிடும். அதே வழங்கி பாதிச் சுமையில் இருந்தால், ஆட்டக்காரருக்கு ஒன்றுமே தெரியாமல் அந்த இடைவெளி கடந்துபோகும்.

எனவே 350 வாட் இழுக்கும் கணினிக்கு 750 வாட் எஸ்எம்பிஎஸ் எதற்கு, 550 போதாதா என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடை சற்று வேறுபடுகிறது. மின்திறனுக்கு 550 போதும். தாங்கு காலத்துக்கோ, இரண்டும் தத்தம் முழுச் சுமையில் 16 மில்லி விநாடி தருபவை என்று கொண்டால், 350 வாட்டில் முதலாவது சுமார் 25ம் இரண்டாவது சுமார் 34ம் தரும். அந்த ஒன்பது மில்லி விநாடிக்குத் தரும் கூடுதல் விலையை அழகான விளக்குகள் மின்னும் ரேமுக்கோ கண்ணாடிக் கதவுக்கோ தருவதைவிட இங்கே தருவது மேல். பின்னர் வந்த ஏடிஎக்ஸ் பதிப்பு ஒன்று இந்த நிபந்தனையை முழுச் சுமையில் 12 மில்லி விநாடியாகத் தளர்த்தி, 80 சதவீதச் சுமையில் 17 என்று வைத்திருப்பதால், புதிய பதிப்பு என்ற முத்திரையைப் பார்த்த மாத்திரத்தில் தாங்கு காலமும் கூடியிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 பதிப்பு வேறொரு நன்மையைக் கொண்டுவந்தது: கிராபிக்ஸ் கார்டுகள் 100 மைக்ரோ விநாடி போன்ற மிகக் குறுகிய நேரத்துக்குத் தம் வழக்கமான அளவைவிடப் பன்மடங்கு மின்சாரத்தைத் திடீரென இழுக்கும்போது, வழங்கி தன் அறிவிக்கப்பட்ட திறனின் இருமடங்குவரை அந்தக் கணநேர இழுப்பைத் தாங்க வேண்டும் என்றது.

கடைக்காரர்கள் முதலில் காட்டுவது 80 பிளஸ் என்னும் முத்திரையை. வெண்கலம், தங்கம் என்று பெயரிடப்பட்ட இத்தரங்கள், உள்வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு பயனாகிறது என்பதைச் சொல்பவை. 230 வோல்ட்டில் பாதிச் சுமையில் வெண்கலத்துக்கு 88 சதவீதம், தங்கத்துக்கு 92. கணினிக்கு 300 வாட் தேவைப்படும்போது வெண்கல வழங்கி 341 வாட்டும் தங்க வழங்கி 326 வாட்டும் சுவரிலிருந்து எடுக்கும். வேறுபாடு 15 வாட், ஓர் எல்இடி விளக்கின் அளவு. முத்திரை தாங்கு காலத்தைப் பற்றியோ மின்தேக்கியின் ஆயுளைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. அதைவிட முக்கியமானது ஆக்டிவ் பிஎஃப்சி எனப்படும் திறன்காரணித் திருத்தச் சுற்று. அது இல்லாத மலிவு வழங்கி அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தைப் பிடுங்கி மின்தேக்கியை நிரப்புவதால், உலைகள் மழுக்கிய உச்சி அதன் சேமிப்பை நேரடியாகக் குறைத்துவிடும். திருத்தச் சுற்று உள்ள வழங்கியோ அலையின் நீளம் முழுவதிலும் சிறிது சிறிதாக எடுத்து, எந்த அழுத்தம் வந்தாலும் தன் மின்தேக்கியை 390 வோல்ட் அருகிலேயே வைத்துக்கொள்கிறது. இத்தகையவற்றில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட்வரை ஏற்பவை. ‘லோ வோல்டேஜ்’ என்று ஊரார் சொல்லும் 150 வோல்ட் மாலைகளிலும் அவை இயங்கும், மின்னோட்டத்தை மட்டும் கூட்டிக்கொள்ளும். 500 வாட் தரும்போது 230 வோல்ட்டில் 2.4 ஆம்பியர் இழுத்த வழங்கி, 150 வோல்ட்டில் 3.7 ஆம்பியர் இழுக்கிறது.

குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் வைத்துப் பழகிய வீடுகளில் கணினிக்கும் ஒன்று வாங்கிவைப்பது வழக்கம். விரிந்த வீச்சில் இயங்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது தேவையற்றது. ‘டக்’ என்ற ஒலியோடு ரிலே மாறும் சாதாரண ஸ்டெபிலைசர் ஒவ்வொரு மாற்றத்திலும் சில மில்லி விநாடி இடைவெளியைத் தானே உண்டாக்குவதால் சில வேளைகளில் தொல்லையைக் கூட்டவும் செய்யும். அருகிலுள்ள தடம் ஒன்றில் பழுது ஏற்பட்டுப் பாதுகாப்புச் சுவிட்ச் அதைத் துண்டிக்கும்வரை நீளும் தாழ்வுகளும், முழு மின்தடையும் தாங்கு காலத்துக்குள் அடங்காதவை. அவற்றுக்கு யுபிஎஸ் வேண்டும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது 600 விஏ என்பது 600 வாட் அன்று என்பதே: விஏ என்பது அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வெறுமனே பெருக்கிய எண், உண்மைத் திறன் அதைவிடக் குறைவு, இத்தகைய சிறு கருவிகளில் பெரும்பாலும் 360 வாட். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறமுள்ள விசையை யுபிஎஸ் நிலையில் வைத்தால் மாறும் நேரம் குறையும். மின்விசிறிக்குப் பொருட்படுத்த வேண்டாத அந்த வேறுபாடு கணினிக்கு வாழ்வா சாவா என்பதாகும். மலிவு யுபிஎஸ் தரும் படிக்கட்டு வடிவ அலையில் அழுத்தம் சுழியாக நிற்கும் இடைவெளிகள் உள்ளன. திருத்தச் சுற்றுள்ள சில வழங்கிகள் அவற்றோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடுவதால், முடிந்தவர்கள் முழு சைன் அலை தருவதை வாங்குவதே நல்லது.

மின்சாரத்துக்கு அடுத்தது காற்று. கணினி எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. 400 வாட் இழுக்கும் கணினி, வெப்பத்தைப் பொறுத்தவரை, அறைக்குள் நான்கு பேர் கூடுதலாக அமர்ந்திருப்பதற்குச் சமம். ஆலைத் தொழிலாளர்கள் பங்கிட்டு வாழும் சிறு அறைகளில், அதிலும் சிமென்ட் அட்டைக் கூரையின்கீழ், இது சிறிய செய்தி அன்று. தமிழ்நாட்டில் கோடைக்காலத்தில் மிகுந்த வெயில் பதிவாகும் இடங்களின் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் திருத்தணியும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் உள்ளது. அயல்நாட்டுச் சோதனைக்கூடங்களில் 20 அல்லது 22 பாகை செல்சியஸ் அறையில் அளந்து வெளியிடப்படும் வெப்ப எண்களை அப்படியே நம்பி வாங்குபவர் மே மாதத்தில் ஏமாறுவார். ஒரு செயலி, அதாவது பிராசஸர், 100 வாட் இழுக்கிறது, அதன் குளிர்விப்பானோடு சேர்த்து வாட் ஒன்றுக்கு அரைப் பாகை வெப்பம் ஏறுகிறது என்று கொண்டால், அறையைவிட 50 பாகை கூடுதலாக அது நிற்கும்: 22 பாகை அறையில் 72, 38 பாகை அறையில் 88. சில செயலிகளுக்கு 95, சிலவற்றுக்கு 100 என்று வைக்கப்பட்டுள்ள எல்லையை நெருங்கியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்கிய வேகம் கோடைக்காலத்தில் பெட்டிக்குள் இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. தண்ணீர்க் குழாய் வைத்த குளிர்விப்பான் இதற்குத் தீர்வு என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. அதுவும் வெப்பத்தை அறைக் காற்றில்தான் கொட்டுகிறது, அறையைவிடக் கீழே எதையும் குளிர்விக்க அதனால் இயலாது.

கேபினெட் எனப்படும் பெட்டியின் வேலையை இன்னொரு கணக்கு விளக்கும். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 1,200 ஜூல் வேண்டும். பெட்டிக்குள் விநாடிக்கு 0.03 கன மீட்டர் காற்று பாய்ந்தால், 400 வாட் வெப்பத்தைச் சுமந்துகொண்டு அது 11 பாகை கூடுதலாக வெளியேறும். முன்புற வலையில் தூசி படிந்து பாய்ச்சல் பாதியானால் கூடுதல் 22 பாகையாகும். அறை 38 என்றால் பெட்டியிலிருந்து வெளியேறும் காற்று 60. கும்மிடிப்பூண்டியின் தூசியில் உருளை ஆலைகளிலிருந்து வரும் இரும்பு ஆக்சைடுத் துகளும் உண்டு, கனரக லாரிகள் ஓயாது ஓடும் சாலைகளின் மண்ணும் உண்டு. உறிஞ்சும் விசிறிகள் தள்ளும் விசிறிகளைவிடக் கூடுதலாக இருந்தால், பெட்டியின் உள்ளழுத்தம் சற்று உயர்ந்து, காற்று வலையின் வழியாக மட்டுமே உள்ளே வரும். இடுக்குகள் வழியே வெளியேதான் போகும். எனவே கண்ணாடி முகப்பு கொண்ட பெட்டிகளைத் தவிர்த்து, முகப்பு முழுவதும் துளைத் தகடும், கழற்றிக் கழுவக்கூடிய வலையும் உள்ள எளிய பெட்டியையே இங்குத் தேர்வு செய்ய வேண்டும். இப்படிப்பட்ட பெட்டிகள் பெரும்பாலும் மலிவாகவும் கிடைக்கின்றன என்பது, அழகுக்கும் பயனுக்கும் நடக்கும் போட்டியில் பயன் தானாக வெல்லும் அரிய இடம்.

கிழக்கே பழவேற்காடு பக்கமிருந்து வீசும் உப்புக்காற்றைத் தூசி வலையால் தடுக்க இயலாது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும் இயல்புடையது. கடலோர அதிகாலைகளில் ஈரப்பதம் அதைத் தாண்டுவது வழக்கமே. மதர்போர்டின் நுண்ணிய செம்புப் பாதைகளுக்கிடையே படிந்த உப்புத்தூசி அப்படி நனையும்போது மின்கசிவும் அரிப்பும் தொடங்குகின்றன. இதில் ஒரு வியப்பு உண்டு: இயங்கும் கணினி சூடாக இருப்பதால் அதனுள் காற்றின் ஒப்பு ஈரப்பதம் குறைவு, அரிப்பு அதிகம் நடப்பது வாரக்கணக்கில் அணைத்து மூலையில் வைக்கப்பட்ட கணினியில்தான். துருவுக்கும் அரிப்புக்கும் உத்தரவாதம் பொதுவாகப் பொருந்தாது என்பதால், ஊருக்குப் போகும் முன் பெட்டியைத் துணியால் மூடிவைப்பது வீண் வேலை அன்று.

மின்சாரம், காற்று என்னும் இந்த இரண்டு எல்லைகளும் வரையப்பட்ட பிறகே, பலரும் முதலில் தொடங்கும் கேள்வி வர வேண்டும்: எந்தச் செயலி, எந்த கிராபிக்ஸ் கார்டு? செயலி விளையாட்டின் நிகழ்வுகளைக் கணிக்கிறது. கிராபிக்ஸ் கார்டு அவற்றைப் படமாக வரைகிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பல்லாயிரம் புள்ளிகளுக்குச் செய்வதற்கென்றே ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்களைக் கொண்ட இத்தகைய சில்லுக்கு ஜிபியு என்ற பெயர், 1999இல் என்விடியா நிறுவனம் ஜிஃபோர்ஸ் 256 என்பதை வெளியிட்டபோது பரவலாயிற்று. இரண்டும் ஒன்றன் வேலையில் மற்றது சாய்ந்து இயங்குவதால், மெதுவானதே படவேகத்தைத் தீர்மானிக்கும். ஒரு படத்துக்குச் செயலி 9 மில்லி விநாடியும் கார்டு 14 மில்லி விநாடியும் எடுத்தால் விநாடிக்கு 71 படங்கள். கார்டை மாற்றி 7 மில்லி விநாடி ஆக்கினால் 143 கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவருக்குச் செயலியின் 9 தடையாக நின்று 111 மட்டுமே தரும். வேலரண்ட் போன்ற எளிய காட்சிகள் கொண்ட போட்டி விளையாட்டுகள் செயலியையும், சைபர்பங்க் 2077 போன்ற காட்சிச் செறிவு மிக்கவை கார்டையும் வருத்துபவை என்பதால், எதை ஆடப்போகிறோம் என்று தெரியாமல் பாகம் தேர்ந்தெடுப்பது, யாருக்கு என்று தெரியாமல் செருப்பு வாங்குவது போன்றது.

2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கார்டு 115 வாட்டில் இயங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட் வேண்டும். ஆறு கருக்கள் கொண்ட ரைசன் 5 7600 செயலி 88 வாட் எல்லைக்குள் நிற்கிறது. இன்டெலின் கோர் ஐ9 14900கே உச்சத்தில் 253 வாட்வரை போகிறது. முதல் வகைகளைக் கொண்டு பூட்டிய கணினி, திரையையும் சேர்த்து ஏறத்தாழ 280 வாட். இரண்டாம் வகை ஏறத்தாழ 800 வாட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது, முதல் 100 யூனிட் இலவசம். நாளுக்கு நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஆடினால் 60 நாளில் முதல் கணினி சுமார் 67 யூனிட் தின்னும், இரண்டாவது 192. அதாவது முதலாவதை இலவச ஒதுக்கீடே தாங்கிவிடும், வீட்டின் மற்றச் செலவு அதற்கு மேல் ஏறும். இரண்டாவது மற்ற விளக்கு, விசிறியையும் சேர்த்துக் கூடுதல் விலைப் படிகளுக்குத் தள்ளிவிடும். வாடகை அறைகளில் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்து வாங்கும் இடங்களில் அந்த இலவசமும் கைக்கு எட்டாது.

பெரிய கார்டை வாங்கிவிட்டவருக்கும் ஒரு வழி உண்டு. சில்லு ஒன்றின் மின்செலவு, அதற்குத் தரப்படும் அழுத்தத்தின் வர்க்கத்தோடும் இயங்கும் அதிர்வெண்ணோடும் பெருகுகிறது. அழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பத்துப் பத்துச் சதவீதம் குறைத்தால், 0.9ஐ மூன்று முறை பெருக்கிய 0.73 பங்கு மின்சாரமே போதும். பத்துச் சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து 27 சதவீத வெப்பத்தைத் தவிர்க்கலாம். ‘அண்டர்வோல்ட்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இந்த உத்தி, குளிர்நாடுகளில் பொழுதுபோக்கு. திருவள்ளூர் மாவட்டத்தின் மே மாதத்தில், வேகக் கட்டுப்பாடு தானாக வந்து விழுவதற்கு முன் முறையாக ஏற்றுக்கொள்ளும் ஒழுங்கு.

நினைவகத்தில் கவனிக்க வேண்டியது அளவைவிடப் பாதையின் அகலம். டிடிஆர்5 வகை ரேம் 6,000 வேகத்தில் ஒரு தடத்துக்கு விநாடிக்கு 48 ஜிகாபைட் கொடுக்கும். ஒரே பெரிய ரேமுக்குப் பதில் இரண்டு சிறியவற்றைப் பொருத்தினால் இரு தடங்களும் சேர்ந்து 96. கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் இதைவிட வேகமானது: 4060இல் 272 ஜிகாபைட். ஆனால் அதன் கொள்ளளவு 8 ஜிகாபைட்தான். விளையாட்டின் காட்சித் தரவு அதை மீறி வழிந்தால், மிச்சம் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியே முதன்மை ரேமிலிருந்து வர வேண்டும். 4060 இப்பாதையின் எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால், நான்காம் தலைமுறைப் போர்டில் விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட்டும், மூன்றாம் தலைமுறைப் பழைய போர்டில் அதில் பாதியும்தான் கிடைக்கும். 272இலிருந்து 8க்கு இறங்கும் அந்தக் கணத்தில்தான் 16.7 மில்லி விநாடி அவகாசம் தவறுகிறது. பழைய கணினியில் புதிய கார்டைச் செருகிவிட்டு ‘கார்டு சரியில்லை’ என்று திருப்பிக் கொடுக்க வருபவர்களின் சிக்கலில் ஒரு பகுதி இதுவே.

மதர்போர்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: செயலியின் சாக்கெட் பொருந்த வேண்டும், செயலிக்கு மின்சாரம் தரும் சுற்றின்மேல் உலோகக் குளிர்விப்புத் தகடு இருக்க வேண்டும். அந்த மின்சுற்றிலும் மின்தேக்கிகள் உண்டு. திரவம் நிறைந்த வகையாக இருந்தால், வெப்பம் 10 பாகை ஏறும்போதெல்லாம் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்ற விதி பொருந்தும், எனவே திட வகை மின்தேக்கி உள்ள போர்டே நல்லது. சேமிப்புக்கு எஸ்எஸ்டி, சாதாரண வகைகளில் மின்தடையின்போது எழுதிக்கொண்டிருந்ததை முடிக்கும் காப்புத் தேக்கிகள் இருப்பதில்லை என்பதால் யுபிஎஸ்ஸின் தேவை இங்கும் நினைவுக்கு வரும்.

பாகங்களை வாங்க இந்த வட்டாரத்தினர் பெரும்பாலும் புறநகர் ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள்; மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு வரை கிளைவிட்ட அந்தச் சந்தையில் கேபினெட்டிலிருந்து ஒற்றைத் திருகுவரை கிடைக்கும். பழைய கிராபிக்ஸ் கார்டுகளும் கிடைக்கும். 2022 செப்டம்பரில் எதீரியம் என்னும் மின்பணம் கார்டுகளைக் கொண்டு ‘தோண்டும்’ முறையைக் கைவிட்டதும், இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவற்றில் சில்லைவிட விசிறியும் வெப்பப் பசையுமே முதலில் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்ற முடியும். ஆனால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. அதன் தேக்கி எவ்வளவு வற்றியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை, பதினாறு எட்டாகியிருந்தாலும் நல்ல மின்சாரம் உள்ள கடையில் அது சரியாகவே ஓடிக் காட்டும்.

பூட்டி முடித்த கணினியைச் செருகும் சுவர்த் துளை கடைசியாக நிற்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில், இரைச்சலை வடிகட்டுவதற்காக, ஃபேஸ் கம்பியிலிருந்தும் நியூட்ரல் கம்பியிலிருந்தும் சமமான இரண்டு சிறு மின்தேக்கிகள் பெட்டியின் உலோக உடலோடு இணைக்கப்பட்டுள்ளன. எர்த் கம்பி சரியாக இருந்தால் அவை வழியே கசியும் துளி மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் இரண்டு தேக்கிகளும் 230 வோல்ட்டைச் சரிபாதியாகப் பங்கிட்டு, பெட்டியின் உடல் ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மில்லி ஆம்பியரிலும் குறைவு என்பதால் ஆபத்து நேராவிட்டாலும், வெறுங்காலோடு தரையில் நின்று பெட்டியைத் தொடுபவரின் விரலில் ஒரு சிலிர்ப்பு ஓடும், மூன்றாவது முள்ளை எங்கும் இணைக்காத பழைய வீடுகளில் அதைப் பலரும் ‘லேசா கரண்ட் அடிக்குது’ என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230க்கு நெருங்கியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்டினால் இணைப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். கரியும் உப்பும் அடுக்கிக் குழாய் இறக்கிய பழைய எர்த் குழியின் மின்தடை அதைச் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. மின்சுமையும் வெப்பமும் உச்சத்தில் இருக்கும் அதே மே மாதத்தில் மண் காய்ந்து தடை ஏறிவிடும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குழாயின் வாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை மின்பணியாளர்கள் இன்னும் சொல்லித்தருகிறார்கள்.